ஒரு மூடி கசப்புத் தண்ணீர்

வயிறு மூன்றாவது தடவையாகப் புரண்டது. ஆத்தூர்ப் பாலத்தில் ஏறும்போது முதல் தடவை, அதைப் பசி என்று நினைத்துக்கொண்டான். பாலத்தை விட்டு இறங்கும்போது இரண்டாவது, அதை வாயு என்று நினைத்துக்கொண்டான். இப்போது நினைத்துக்கொள்ள வேறு ஒன்றும் மிச்சமில்லை. இது அதுதான். கிளாட்வின் சைக்கிள் சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, தொடை வந்து வயிற்றில் இடிக்காதபடி உடம்பை நிமிர்த்தி, கால்களை மட்டும் விடாமல் சுற்றினான். ஹேண்டிலில் ரப்பர் போட்டுக் கட்டியிருந்த போன் எண்பது கிலோமீட்டர் என்றது, இரண்டு மணி முப்பத்தேழு நிமிஷம் என்றது. கணக்குப்படி இரண்டு நாற்பது ஆகியிருக்க வேண்டும். மூன்று நிமிஷம் லாபம். இந்த மூன்று நிமிஷத்துக்காகக் காலை ஆறு மணியிலிருந்து தலையைத் தூக்காமல் மிதித்திருக்கிறான். திருச்செந்தூர் கோபுரத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. குலசேகரன்பட்டினத்துக்கு முன்னால் ஐம்பதாவது கிலோமீட்டரில் வந்த வழியே திரும்பியபோது ஒரு நாய் துரத்தியது, அதற்கு நன்றி, அது ஒரு பத்து செகண்டாவது மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கும். ரோட்டின் இரண்டு பக்கமும் வாழை. எவ்வளவு பெரிய இலை. இறங்கி உள்ளே நாலு எட்டு வைத்தால் எவனுக்கும் தெரியாது, பக்கத்தில் வாய்க்காலில் தண்ணீர்கூட ஓடுகிறது. இறங்கு என்றது வயிறு. மூன்று நிமிஷம் என்றது தலை. மூன்று நிமிஷத்தைக் கொண்டுபோய் வாழைக்கு உரமாகப் போடவா இவ்வளவு தூரம் வந்தோம்? அடக்கிவிடலாம். இருபது கிலோமீட்டர்தானே. நாற்பது நிமிஷம் அடக்க முடியாதவன் என்ன மனுஷன். வாழை முடிகிறவரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்தான். வாழை முடிந்தது.

சென்னையில் ஒரு சைக்கிள் டீம். பத்தொன்பது வயதுக்குள் இரண்டே இடம். யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளாமல், எந்த லாரியின் சங்கிலியையும் பிடிக்காமல், தனியாக நூறு கிலோமீட்டர், மூன்று மணி இருபது நிமிஷத்துக்குள். போனில் பதிவாகிற வழியையும் நேரத்தையும் இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். நடுவில் நின்றால் நின்றுகொள்ளலாம், கடிகாரம் நிற்காது. எடுத்துக்கொண்டார்கள் என்றால் தங்க இடம், சாப்பாடு, நல்ல சைக்கிள். எடுக்கவில்லை என்றால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உப்புப் பாக்கெட் போடுகிற கம்பெனி, அம்மா அங்கே ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாள். ஒரு பாக்கெட்டை மிஷின் வாயில் காட்ட வேண்டும், உப்பு விழும், எடுக்க வேண்டும், அடுத்த பாக்கெட்டைக் காட்ட வேண்டும். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே வேலை பார்க்கிற ஒருத்தன் இவனிடம் பேசிக்கொண்டே இருந்தான், கை மட்டும் தன் பாட்டுக்கு எடுத்தது, காட்டியது, எடுத்தது. அந்தக் கையை நினைத்தால் பயமாக இருக்கிறது. பேயைப் பார்த்த மாதிரி இருந்தது என்று பிரின்ஸ்டனுக்கு மெசேஜ் போட்டான். பிரின்ஸ்டன் போன வருஷம் வரைக்கும் இவனோடு சேர்ந்து மிதித்தவன், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அவன் கையும் அப்படித்தான் ஆகியிருக்குமோ என்னவோ. மெசேஜைப் பார்த்துவிட்டான். பதில் போடவில்லை. இருபத்தி மூன்று நாள் ஆகிறது. பரவாயில்லை. இரண்டு பேர் மிதித்தால் காற்றைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஒருத்தன் மிதித்தால் முழுக் காற்றும் அவனுக்கே. அவ்வளவுதான் வித்தியாசம். இது பொய். வேறு வித்தியாசமும் இருக்கிறது. தனியாகப் போனால் வயிறு கலக்குகிறது என்றுகூடச் சொல்வதற்கு ஆள் கிடையாது.

வயிறு ஏன் கலக்குகிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை நினைக்காமல் இருக்கத்தான் பிரின்ஸ்டனை நினைத்தான். முதல் தடவை முயற்சி செய்தபோது மூன்று முப்பத்தொன்று, இரண்டாவது தடவை மூன்று இருபத்தி நாலு, இரண்டு தடவையும் தொண்ணூறாவது கிலோமீட்டர் பக்கத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, உள்ளே யாரோ கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி. குடிக்கிற தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர், உடன்குடிக் கருப்பட்டியை இடித்துப் பாகாக்கி வடிகட்டியது ஒரு குழிக்கரண்டி, ஒரு எலுமிச்சம்பழம், கால் ஸ்பூன் உப்பு. ஆறு மாசமாகக் குடிக்கிறான், கடையில் பச்சையும் நீலமுமாக விற்கிறதைவிட நன்றாக இருக்கும். அப்புறம்தான் அந்த வீடியோவைப் பார்த்தான். தாடி வைத்த ஒருத்தர், வீட்டிலேயே எனர்ஜி டிரிங்க். கால் பிடிக்கிறதா, மெக்னீசியம் போதவில்லை என்றார். ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார், வெளிநாட்டுச் சரக்கு, லிட்டருக்குப் பதினைந்து சொட்டு. கடல் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்தபிறகு மிஞ்சுகிற சாறு என்று அதன்மேல் எழுதியிருந்தது. கிளாட்வின் போனைப் பார்த்துச் சிரித்தே விட்டான். உப்பு விளைந்து முடிந்ததும் பாத்தியில் மிஞ்சுகிற தண்ணீர் அது. கனமாக, எண்ணெய் மாதிரி, லேசான மஞ்சளாக இருக்கும், நாக்கில் வைத்தால் கசக்கும். அம்மா வேலை பார்க்கிற உப்பளத்தில் அதைத் திறந்துவிடுவதற்கென்றே ஒரு வாய்க்கால் இருக்கிறது. உலகம் முழுக்க சொட்டுச் சொட்டாக விற்கிற சாமான் இவன் ஊரில் வாய்க்காலில் ஓடுகிறது. வேறு ஊர்க்காரன் எவனுக்காவது இந்த யோசனை வருமா? போய் ஒரு பாட்டில் மொண்டுகொண்டு வந்தான்.

"என்னல அது பாட்டில்ல?" என்று கேட்டாள் அம்மா, நேற்றுச் சாயங்காலம். மெக்னீசியம் என்றான். "பேரு எனக்கெதுக்கு? எங்க எடுத்த?" "ஒங்க அளத்துலதான், கடைசி வாய்க்கால்ல." அம்மா உலையில் போடப்போன அரிசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினாள். "ஏ கோட்டி, அது கால்ல பட்டாலே வெடிப்பெல்லாம் தீயா எரியும். அதப் போயி குடிக்கப் போறியா? கொட்டிருல." "பதினஞ்சு சொட்டுதாம்மா." "சொட்டோ சட்டியோ, கொட்டிரு." "ஒனக்கு ஒண்ணும் தெரியாது. வெளிநாட்டுல இத குடிக்கறதுக்குன்னே விக்கான்." "அப்ப வெளிநாட்டுக்காரனே குடிக்கட்டும்." அதோடு பேச்சு முடிந்தது. அவன் கொட்டவில்லை. பதினைந்து சொட்டோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. காலையில் சொட்டு மருந்துக் குழாயைக் காணோம். மணி ஐந்தே முக்கால். பாட்டில் மூடியில் ஊற்றி அளந்தான், இந்த பாட்டிலுக்கு ஒரு மூடி, அந்த பாட்டிலுக்கு ஒரு மூடி. அளவு கூடினால் பேதி மருந்தாகிற அந்தத் தண்ணீரில் ஒரு மூடிக்கு எத்தனை சொட்டு என்று எண்ணவில்லை. பிளஸ் ஒன்னில் கெமிஸ்ட்ரி பரீட்சை அன்றைக்குத்தான் அவன் பள்ளிக்கூடத்தை விட்டான், எழுதியிருந்தாலும் எண்ணியிருப்பான் என்று சொல்ல முடியாது. கால் மணிக்கு ஒரு தடவை நூற்றைம்பது மில்லி, போன் மணியடிக்கும், குடித்துவிடுவான். இரண்டு மணி நேரமாக ஒழுங்காகக் குடித்திருக்கிறான். ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. கெண்டைக்கால் இன்றைக்குப் பிடிக்கவே இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழையகாயல் தாண்டியதும் ரோடு வெட்டவெளிக்குள் போய் விழுந்தது. இரண்டு பக்கமும் அளம். வெள்ளை, அப்புறம் வானம் விழுந்து கிடக்கிற தண்ணீர், அப்புறம் வெள்ளை. முழங்கால் உயரத்துக்கு வரப்பு, அதற்கு மேல் உயரமாக ஒன்றும் இல்லை. ஒரு உடைமரம்கூட இல்லை. வெயில் மேலேயிருந்து ஒன்று அடித்தது, கீழேயிருந்து ஒன்று அடித்தது. மேற்குக் காற்று சைக்கிளை ரோட்டை விட்டு நெம்பியது. எண்பத்தி மூன்று புள்ளி ஏழு. இரண்டு நாற்பத்தி நாலு. வயிற்றுக்குள் ஒருத்தன் எழுந்து நின்றுகொண்டு கதவைத் தட்டினான். கிளாட்வின் பல்லைக் கடித்தான், அது பல்லால் ஆகிற காரியம் இல்லை. முதுகில் வியர்வை நின்று குளிர்ந்தது, கையில் மயிர் சிலிர்த்தது, இந்த வெயிலில் குளிர் என்றால் இனி அதிக நேரம் இல்லை என்று அர்த்தம். எங்கே இறங்குவது? இடது பக்கம் பார்த்தான், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு லாரி நிற்பது, அதிலிருந்து ஒருத்தன் பீடி பற்றவைப்பது வரைக்கும் தெரிந்தது. அவனுக்கும் இவன் தெரிவான். வலது பக்கம் பார்த்தான், நாலைந்து பெண்கள் வரிசையாகத் தலையில் உப்புச் சட்டியோடு வரப்பில் போனார்கள். நூறு தடவை இந்த ரோட்டில் போயிருக்கிறான், காற்றைப் பார்த்திருக்கிறான், ரோட்டில் குழியைப் பார்த்திருக்கிறான், இந்த இடத்தில் மறைவு இல்லை என்பதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எட்டு கிலோமீட்டருக்கு மறைவு இல்லை. அப்படியென்றால் இவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு நினைப்பு வந்து, நிற்காமல் போய்விட்டது, ஏனென்றால் வயிறு மறுபடியும் இழுத்தது, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தான், நின்றால் இன்னும் மோசம், உட்கார்ந்தான். அப்புறம் அந்த நினைப்பு திரும்பி வந்தது. அம்மா எங்கே போவாள்?

அம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்காது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எல்லோரும் என்றால் அவன் ஒருத்தன்தான். சிலருக்குப் பால் பிடிக்காது, சிலருக்குக் கத்திரிக்காய் பிடிக்காது, அம்மா ஜெபகனிக்குத் தண்ணீர் பிடிக்காது. காலை நாலு மணிக்கு வேன் வரும், போகும்போது கையில் தூக்குச் சட்டி மட்டும்தான் இருக்கும். தண்ணி எடுத்துட்டுப் போ என்றால், "எனக்குத் தாகமே எடுக்காதுல" என்பாள். நம்பினான். சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு மூத்திரத்தின் நிறம் முக்கியம், உடம்பில் தண்ணீர் போதுமா போதாதா என்று அதில் தெரியும் என்று, வெள்ளையிலிருந்து காப்பி வரைக்கும் எட்டு நிறம் போட்ட ஒரு படத்தை பிரிண்ட் எடுத்து பாத்ரூம் கதவில் ஒட்டினான். அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "என்னல இது, பெயிண்டுக் கடை அட்டையா?" விளக்கிச் சொன்னான். "கருமம்" என்றாள். "ஒனக்கு எத்தனாம் நம்பரும்மா?" "போல, பொம்பளகிட்ட கேக்கற கேள்வியா அது." சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனும் சிரித்தான். சித்திரையில் ஒருநாள் பாத்ரூமிலிருந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதடு வெளுத்திருந்தது, நீர்க்கடுப்பு, அது இரண்டாவது தடவை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, தண்ணி குடிக்கறதே இல்லையா என்று கேட்டபோது, குடிக்கேனே என்றாள் அம்மா. "பொய் சொல்லுதா டாக்டர்" என்று இவன் போட்டுக்கொடுத்தான். மேஜைக்குக் கீழே தொடையில் கிள்ளினாள், வலித்தது. ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும், இல்லன்னா கிட்னி போயிரும்மா என்றார் டாக்டரம்மா. சரிங்கம்மா என்றாள். வரும் வழியில் பஸ்ஸில் இவன் அவளுக்குப் பாடம் எடுத்தான். கால் மணிக்கு நூற்றைம்பது மில்லி, போனில் மணி வைத்துக்கொள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சரிப்பா சரிப்பா என்றாள். இப்போது அந்த பஸ்ஸை நினைத்தால் இறங்கி ஓடிவிடலாம் போலிருக்கிறது. மத்தியானம் அவள் வேலை முடிந்து வருவதை நினைத்தான். செருப்பைக்கூடக் கழற்ற மாட்டாள். இவன் எதிரில் நின்றால் கையால் ஒதுக்கிவிட்டு, பேசாமல், நேராக பாத்ரூம். உடம்பில் உப்பு அரிக்கும், கழுவப் போகிறாள் என்று நினைத்திருந்தான். வெளியே வந்ததும் நின்றபடியே ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பாள். அப்புறம் இன்னொரு செம்பு. தண்ணீர் பிடிக்காதவள் இரண்டு செம்பு எப்படிக் குடிப்பாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கதவில் எட்டு நிறம் ஒட்டத் தெரிந்தது.

எண்பத்தி ஆறாவது கிலோமீட்டரில், அந்த வெட்டவெளிக்கே ஒரே சுவராக, ரோட்டோரமாக ஒரு மோட்டார் ரூம் இருந்தது, நிலத்தடி உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடுகிற இடம். சைக்கிளைப் போட்டான், போட்டான் என்றால் நிஜமாகவே போட்டான், போன் மேல் பக்கம் பார்த்து விழுந்தது, ஓடினான். "ஏய், யாருல அது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "அண்ணாச்சி, அவசரம்!" "அவசரம்னா வாசல்லயே உக்காந்துருவியா? பின்னால போ. இன்னும் பின்னால. பைப்பு கெடக்கு, மிதிச்சிராத." பின்னால் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தபிறகு கொஞ்ச நேரம் அவனுக்கு ஒரு நினைப்பும் இல்லை. நூறு கிலோமீட்டரும் இல்லை, சென்னையும் இல்லை. சுவரின் நிழல் ஒரு முழம் இருந்தது, அந்த ஒரு முழத்துக்குள் ஒரு எறும்பும் அவனும். அப்புறம் நினைப்பு வந்தது. ஆம்பளை. அவசரம் என்று கத்தினான், பின்னால் போ என்று வழி சொன்னார்கள். அவ்வளவு சுலபம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வந்தது. "என்னத்தல தின்ன?" "திங்கல, குடிச்சேன்." "இந்த வயசுலயேவா?" "அய்ய, அது இல்ல அண்ணாச்சி. எனர்ஜி டிரிங்க்." "அதான் எனர்ஜியா வருது." தானே சொல்லித் தானே சிரித்தார். ஒரு வாளி சுவர் ஓரமாக வந்து நின்றது, வாளியைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது. "உப்புத் தண்ணிதான். எரியும். பெறகு என்னையச் சொல்லாத." எரிந்தது. சட்டையின் பின் பாக்கெட்டில் அரை லிட்டர் பாட்டில் ஒன்று இருந்தது, அம்மா காலையில் வேனுக்குப் போவதற்கு முன் வாசல் பக்கம் வைத்துவிட்டுப் போன சீரகத் தண்ணீர், வயிற்றுக்கு நல்லது என்று வைத்தாள், பாவமே என்று எடுத்துச் சொருகிக்கொண்டான். அதை எடுத்துக் கழுவலாம் என்று ஒரு நிமிஷம் கை போனது. எடுக்கவில்லை. எரியட்டும் என்று விட்டுவிட்டான்.

முன்னால் வந்தான். மோட்டார்காரர் ஐம்பது வயசு ஆள், கால் இரண்டும் முழங்கால் வரைக்கும் வெள்ளை பூத்திருந்தது, காதில் பீடி. சைக்கிளைத் தூக்கி நிறுத்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். "வெலகூடுன வண்டி மாதிரி இருக்கு, இப்படியா போடுவ?" போனில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு ஐம்பத்தி நாலு. ஐந்து நிமிஷம் போய்விட்டது. லாபம் போய் இரண்டு நிமிஷம் கடன். ஏறி உட்கார வேண்டியவன் ஏறாமல் கேட்டான். "அண்ணாச்சி, இங்க வேல பாக்குற பொம்பளைங்க எங்க போவாங்க?" "எங்கன்னா?" "இதுக்குத்தான்." அவர் அளத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், அங்கே எழுதி வைத்திருக்கிற மாதிரி. "அவங்க போவ மாட்டாங்க." "போவ மாட்டாங்கன்னா?" "போவ மாட்டாங்கன்னா போவ மாட்டாங்க. பழக்கம்." காதிலிருந்து பீடியை எடுத்தார். அதில் வருத்தப்படவோ சந்தோஷப்படவோ ஒன்றும் இல்லை என்கிற மாதிரி, வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். "நீ யாரு மவன்?" என்று கேட்டார். கிளாட்வின் ஏறி மிதித்துவிட்டான்.

காலியான வயிறு லேசாக இருந்தது. கால் நன்றாகச் சுற்றியது. பதினாலு கிலோமீட்டர், இருபத்தாறு நிமிஷம், முடியும். மணிக்கு முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று போனால் முடியும், போய்க்கொண்டுதான் இருக்கிறான். பொய் சொல்லவில்லை, முடியும். பழக்கம். எத்தனை நாளில் பழகும் அது? முதல் நாள் அம்மா என்ன செய்திருப்பாள்? முதல் நாள் என்று ஒன்று இருந்திருக்கும். தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருப்பாள், குடித்திருப்பாள், பத்து மணிக்கு நிமிர்ந்து சுற்றும் முற்றும் பார்த்திருப்பாள். இவன் இப்போது பார்த்தானே, அதே மாதிரி, இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை. யாரிடமும் கேட்டிருக்க மாட்டாள். இரண்டாம் நாள் தண்ணீரை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பாள். அப்போது இவனுக்கு நாலு வயசு. பதினாலு வருஷம். போன் மணியடித்தது, கால் மணி ஆகிவிட்டது, நூற்றைம்பது மில்லி குடி என்றது. இரண்டு பாட்டிலையும் திறந்து ரோட்டில் கவிழ்த்தான். கருப்பட்டி வாசனை காற்றில் ஒரு நிமிஷம் நின்றது. கொட்டிரு என்றாள், கொட்டியாயிற்று, பதினைந்து மணி நேரம் கழித்து. ஆக, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைதான்.

இன்னொன்றும் சொல்லியிருந்தாள். எண்பத்தொன்பதாவது கிலோமீட்டரில், முள்ளக்காட்டுக்கு முன்னால், ரோட்டை ஒட்டியே அம்மாவின் அளம். போன தடவை அந்த இடத்தைத் தாண்டும்போது இவன் சும்மா போகாமல் "அம்மா!" என்று கத்தினான். வரப்பில் போன ஒன்பது பெண்களும் திரும்பினார்கள், இவன் அம்மாவைத் தவிர. எட்டு பேர் என்றுதான் எண்ண வேண்டும். அவள் மட்டும் குனிந்தபடியே போனாள். அன்றைக்கு வீட்டில் சத்தம். "மேஸ்திரி பக்கத்துலதாம்ல நின்னாரு. அத்தன பேரும் சிரிச்சிட்டாளுவ, ஒம் மவன் கப்பல்ல போறானாட்டின்னு. நான் அங்க வேலைக்குப் போறேன், வேடிக்க பாக்கவா போறேன்? இனிமே அந்தப் பக்கம் வந்தா கத்தக் கூடாது, நிக்கக் கூடாது. ஒம் பாட்டுக்கு நிக்காம போயிரு." அப்புறம் கொஞ்சம் இறங்கிய குரலில், "நின்னுட்டேன்னா ஒனக்குத்தானல மணி போவும்" என்றாள். நேற்றும் சொன்னாள், சாப்பாடு போடும்போது. காலையில் வேன் ஹாரன் அடித்தபிறகும், கதவைச் சாத்திக்கொண்டே, தூக்கத்தில் கிடந்தவனிடம் சொன்னாள். நிக்காம போயிரு.

எண்பத்தி எட்டு புள்ளி ஐந்து. இரண்டு ஐம்பத்தெட்டு ஐம்பது. தூரத்தில் உப்புக் குவியல் தெரிந்தது, தார்ப்பாய் போட்டு மூடிய இன்னொரு குவியல், அப்புறம் அவர்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, துண்டின் ஒரு நுனியால் மூக்கும் வாயும் மூடியிருந்தது. ஒன்பது பேரும் ஒரே மாதிரி. பாத்தியிலிருந்து குவியலுக்கு, குவியலிலிருந்து பாத்திக்கு. தலையில் சட்டியோடு போகும்போது வேகமாகப் போனார்கள், வெறும் சட்டியோடு திரும்பும்போதும் வேகமாகத்தான் வந்தார்கள். அந்த ஒன்பதில் எது அம்மா? நடையை வைத்துப் பார்த்தான், நடையும் ஒரே மாதிரி. பதினெட்டு வருஷமாகக் கூடவே இருக்கிறவளை நூறு அடி தூரத்தில் அடையாளம் தெரியவில்லை. சட்டை நீலம் என்று நினைத்தான், மூன்று பேர் நீலம். போய்விடலாம். நிற்பதால் ஆகப்போவது என்ன? பின் பாக்கெட்டில் அரை லிட்டர் தண்ணீர் இருக்கிறது, சரி, கொண்டுபோய்க் கொடுத்தால் குடிப்பாளா? குடிக்க மாட்டாள். குடித்தால்தான் அதற்குப் பிறகு எங்கே போவாள்? அது தெரியாதவன் எதற்கு நிற்க வேண்டும்? சென்னைக்குப் போய், பெரிய ஆளாகி, அவளை இந்த வேலையிலிருந்து நிறுத்தலாம். எல்லாப் பயல்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போகிறார்கள். பிரின்ஸ்டனும் சொன்னான். இன்னும் பதினொரு கிலோமீட்டர். இருபது நிமிஷம் சில்லறை. கால் சுற்றுகிறது, கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கிறது, ஒன்றும் பிடிக்கவில்லை. இவ்வளவு நல்ல கால் இனிமேல் ஒருநாள் கிடைக்குமா? அளத்தின் முதல் வரப்பு பக்கவாட்டில் வந்தது. இரண்டாவது வந்தது. அவன் பிரேக்கைப் பிடித்தான் என்று சொல்ல முடியாது. கால் நின்றுவிட்டது, சக்கரம் தன் பாட்டுக்குக் கொஞ்ச தூரம் ஓடி, காற்று தள்ளி, ரோட்டோரச் சரளில் ஏறி நின்றது.

கத்தவில்லை. கத்தக் கூடாது என்பதை மட்டும் கேட்டான். பின் பாக்கெட்டிலிருந்து பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சீரகம் அடியில் படிந்திருந்தது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மூன்று மணி. மூன்று மணி பத்து செகண்ட். ஒன்பது பேரும் போனார்கள், வந்தார்கள். ஒருத்தரும் பார்க்கவில்லை. இத்தனை பேர் இருக்கிற இடத்தில் இவ்வளவு தனியாக அவன் இதுவரை நின்றதில்லை. ரோட்டில்கூட இப்படி இருந்ததில்லை, அங்கே மிதிப்பதற்காவது ஒன்று இருக்கும். பாட்டிலைக் கொஞ்சம் உயரத் தூக்கினான், தூக்கியதும் கோமாளி மாதிரி இருந்தது, இருந்தாலும் இறக்கவில்லை. மூன்று மணி ஐம்பது செகண்ட். அப்போது வரிசையில் ஆறாவதாக வந்தவள், நீலச் சட்டை இல்லை, கட்டம் போட்ட சட்டை, நடையை நிறுத்தாமல், தலையைத் திருப்பாமல், ஒரு கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, வேறு யாருக்கும் தெரியாதபடி சின்னதாக, விரலை மட்டும் வெளிப்பக்கமாகத் தள்ளினாள். ஒரு தடவை. அப்புறம் அவசரமாக இரண்டு தடவை. அந்தக் கையை அவனுக்குத் தெரியும். பாத்ரூமுக்குப் போகிற வழியில் எதிரில் நின்றால் ஒதுக்கிவிடுகிற கை. போ. போயிரு. நிக்காத.

கிளாட்வின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்த சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, பாட்டிலோடு அளத்துக்குள் இறங்கினான்.